ஆணுறைக்குத் தேங்காய் எண்ணெயா? மணி அண்ணனின் நேற்றைய பதிவுக்கு மறுப்பு

நாமக்கல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

மரச்செக்கு மணி அண்ணன் நேத்து உடல்நலப் பகுதியில எழுதினதைப் படிக்காதவங்களுக்காகச் சொல்றேன். ஆணுறை போடும்போது எரிச்சலா இருந்தா கடையில விக்கிற கெமிக்கல் ஜெல் வேண்டாமாம். செக்குத் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு தடவினா போதுமாம். அது கிருமியையும் கொல்லுமாம், அதனால "ரெட்டைப் பாதுகாப்பு"ன்னு எழுதியிருக்கார். கீழே வரிசையா "அருமை அண்ணா", "பகிர்கிறேன் அண்ணா".

எனக்கு ராத்திரி தூக்கம் வரல. லேடெக்ஸ் ரப்பர்ல எண்ணெய் பட்டா அது நைஞ்சு கிழிஞ்சிடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், பேபி ஆயில், எதுவா இருந்தாலும் இதே கதைதான். பாக்கெட்லயே தண்ணி சார்ந்த ஜெல் மட்டும் போடுன்னு அச்சடிச்சிருக்கும், எடுத்துப் பாருங்க.

நான் ஆறு வருஷம் நாமக்கல் பக்கம் லாரிப் பேட்டைகள்ல எச்.ஐ.வி தடுப்புக் களப்பணி பார்த்தவன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு டிரைவர் அண்ணன், "நான் எப்பவும் உறை போடறேன் தம்பி, ஆனா மூணு தடவைக்கு ஒரு தடவை கிழியுது, கவர்மென்ட் சரக்கு மட்டம்"னார். கேபின்ல ஏறிப் பார்த்தேன். டேஷ்போர்டுல தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் பாட்டில், மூடியில எண்ணெய்ப் பிசுக்கு. அதைத்தான் தடவியிருக்கார். அங்கேயே ஒரு உறையை ஊதி முடிச்சுப் போட்டு, அவர் பாட்டில்லயிருந்து ரெண்டு விரல்ல தொட்டுத் தடவினேன். பக்கத்து டீக்கடைக்காரர் எங்களுக்கு டீ ஆத்தி முடிக்கிறதுக்குள்ள படார்னு வெடிச்சது. அந்த அண்ணன் முகம் இன்னும் கண்ணுல நிக்குது. "அப்போ இத்தனை நாளா?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. மறுநாள் நம்பிக்கை மையத்துக்கு, அதான் எச்.ஐ.வி டெஸ்ட்டும் ஆலோசனையும் தர்ற அரசு மையத்துக்கு, நானே கூட்டிட்டுப் போனேன்.

மணி அண்ணன் அந்தப் பதிவை நீக்கணும். என் கோரிக்கை அது ஒண்ணுதான்.

மரச்செக்கு மணி

வாங்க தம்பி. போன வருஷம் ரீஃபைண்ட் ஆயில் இழையில என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஆறலை போல. நம்ம பாட்டன் பூட்டன் பயன்படுத்தின எண்ணெயை விஷம்னு சொல்ல ஒரு கூட்டம் எப்பவும் இருக்கும்.

ஒரே கேள்வி. ரப்பர் எதுலயிருந்து வருது? மரத்துப் பால். கன்னியாகுமரி மாவட்டத்துல ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. மரத்துக்கு மரம் பகையா? நீங்க ஊதின உறை காலாவதியான சரக்கா இருந்திருக்கும்.

நாமக்கல்காரன்

காலாவதி தேதி பார்க்காம நான் யார் கையிலயும் கொடுத்ததே இல்ல அண்ணா. அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

எண்ணெய் லேடெக்ஸை என்ன பண்ணும்னு 1989-லயே சோதனை பண்ணிட்டாங்க. மினரல் ஆயில்ல அறுபது வினாடி பட்டதுக்கே உறையோட வலிமை ஏறக்குறைய 90 சதவீதம் போயிடுச்சு. அறுபது வினாடி!

மரச்செக்கு மணி

மாட்டிக்கிட்டீங்க. மினரல் ஆயில்! அது பெட்ரோலியம், பூமிக்கு அடியில தோண்டி எடுக்கிறது. நான் சொன்னது தேங்காய் எண்ணெய். ரெண்டும் ஒண்ணா? மக்களே, தம்பி எப்படி நைஸா எண்ணெயை மாத்துறார்னு பார்த்துக்கோங்க.

பார்மசி பாமா

மணி அண்ணா, நான் பதினோரு வருஷமா மருந்துக்கடை நடத்துறேன். எண்ணெய்னா எண்ணெய்தான். அது பூமியிலயிருந்து வந்ததா மரத்துலயிருந்து வந்ததான்னு ரப்பர் கேட்காது. எண்ணெய் உள்ளே ஊறும், ரப்பர் உப்பும், பலம் போகும். ஒரு ரப்பர் பேண்டை எண்ணெய்ல போட்டு வெச்சுட்டு நாளைக்கு எடுத்து இழுத்துப் பாருங்க.

வேணும்கிறவங்க வாட்டர் பேஸ்டு ஜெல்லுன்னு கேட்டு வாங்கலாம். கே.ஒய் ஜெல்லி மாதிரி. கேட்க வெட்கமா இருந்தா சீட்டுல எழுதி நீட்டுங்க. என் கடையில பாதிப் பேர் அப்படித்தான் வாங்குறாங்க, நான் ஒரு கேள்வியும் கேட்கிறதில்ல.

மரச்செக்கு மணி

வியாபாரம் பேசுது. ஜெல் ஒரு டியூப் என்ன விலைன்னும் சொல்லிடுங்க தங்கச்சி.

என் வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டும் ரப்பர்தான். தினமும் எண்ணெய் படுது. நாலு வருஷமா கிழியல. இதுக்குப் பதில்?

நாமக்கல்காரன்

குக்கர் கேஸ்கெட் எண்ணெயும் சூடும் தாங்கணும்னே தனியாச் செய்யற செயற்கை ரப்பர். அதோட தடிமன் என்ன, உறையோட தடிமன் என்ன? உறை ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட இருக்காது.

எண்ணெய் தாங்குற உறையும் இருக்கு. பாலியூரிதேன்ல செய்யறது, நைட்ரைல்ல செய்யற பெண்ணுறை. நம்ம ஊர்ல பத்து பேர்ல எத்தனை பேர் கையில அது இருக்கும்? ஆஸ்பத்திரியில இலவசமாக் கிடைக்கிறதும் பெட்டிக்கடையில கிடைக்கிறதும் லேடெக்ஸ்தான். அதை நம்பித்தான் ஜனங்க இருக்காங்க. அண்ணன் அந்த ஒண்ணுலயும் ஓட்டை போடச் சொல்றார்.

குடும்பத்தலைவன் 72

எண்ணெயா ஜெல்லா என்று இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தால் இரண்டுமே தேவையில்லை. எங்கள் தலைமுறையில் இந்த நோயெல்லாம் ஏது?

பார்மசி பாமா

சார், உங்க தலைமுறையில ஏதுவா? சென்னை ஜி.எச்-ல பால்வினை நோய்க்குன்னே தனி இன்ஸ்டிடியூட் இருக்கு, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலயிருந்து அங்க இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிறாங்க. சிஃபிலிஸுக்கு நம்ம ஊர்ல மேகநோய், பறங்கிப் புண்ணுன்னு பேர் எப்போ வந்ததுன்னு நினைக்கிறீங்க?

ஒருவனுக்கு ஒருத்தின்னு இருந்த பொம்பளைங்களுக்குத்தான் சார் புருஷன்கிட்டயிருந்து வருது. மாசமா இருக்கும்போது எச்.ஐ.வி, சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை பி எல்லாம் பார்க்கிறாங்களே, அப்போதான் அந்தப் பொண்ணுக்கே தெரியுது. அவ என்ன ஒழுக்கம் தவறினா?

குடும்பத்தலைவன் 72

நான் பெண்களைச் சொல்லவில்லை. என் வார்த்தையைத் திரிக்காதீர்கள்.

தேனி ராஜா

எய்ட்ஸ் பேச்சு வந்ததால கேட்கிறேன். 2000-களோட தொடக்கத்துல "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா"ன்னு சுவர் சுவரா எழுதி வெச்சாங்களே, அதை யார் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அப்போ நான் ஏழாவது. பேர் ராஜா. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேர் வந்தா பின் பெஞ்சுலயிருந்து "வருமா?"ன்னு குரல் வரும். ரெண்டு வருஷம். வாத்தியாரும் சிரிப்பார். அந்த விளம்பரத்தால எத்தனை பேருக்கு நோய் நின்னுச்சுன்னு தெரியாது, என் பள்ளிக்கூட வாழ்க்கை நாசமாச்சு.

நாமக்கல்காரன்

ராஜா, உங்க வலி புரியுது. ஆனா அந்த விளம்பரத்தைக் குறை சொன்னா என்னால சும்மா இருக்க முடியாது. அதுக்கு முன்னாடி எய்ட்ஸ்னு வாயால சொல்ல ஆள் இல்ல. அந்தச் சுவர் வந்தப்புறம்தான் டீக்கடையில, பஸ்ஸுல ஜனங்க அந்த வார்த்தையைச் சத்தமாச் சொன்னாங்க. லாரிப் பேட்டையில நான் போய் நின்னா டிரைவர்களே "புள்ளிராஜா ஆபீஸ்ல இருந்து வந்திருக்கார்"னு கூப்பிட்டுப் பேசுவாங்க. எனக்குப் பேச்சைத் தொடங்கவே அதுதான் வழி.

இந்தியாவுல எச்.ஐ.வி முதன்முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது எங்க தெரியுமா? சென்னையில, 1986-ல. டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, நிர்மலான்னு ஒரு மாணவி பாலியல் தொழிலாளர்கள்கிட்ட ரத்தம் எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் காப்பாத்தி, டெஸ்ட் பண்ண வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. 1994-லயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கின ஊர் இது. இவ்வளவு பேர் உழைச்ச ஊர்ல உக்காந்துக்கிட்டு மணி அண்ணன் ஆணுறைக்கு எண்ணெய் தடவச் சொல்றார். அதுதான் எனக்குக் கொதிக்குது.

தேனி ராஜா

என்னோட ரெண்டு வருஷத்துக்கு "வலி புரியுது"ன்னு ஒரு வரி. உங்க ஆபீஸுக்கு ஒரு பத்தி. நல்லா இருங்க.

மரச்செக்கு மணி

பாருங்க, தென்னை மரத்துல ஏறச் சொன்னா வரலாற்றுப் பாடம் எடுக்கிறார். தேங்காய் எண்ணெய்ல லாரிக் அமிலம் இருக்கா இல்லையா? அது கிருமியைக் கொல்லுமா கொல்லாதா? ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க.

நாமக்கல்காரன்

லாரிக் அமிலம் இருக்கு. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டுல சில கிருமிகளை அது அடக்கலாம். உடலுறவுல எச்.ஐ.வியையோ வெட்டை (கொனோரியா) நோயையோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரவைக்கிற எச்.பி.வி கிருமியையோ தேங்காய் எண்ணெய் தடுக்கும்னு யாரும் நிரூபிக்கல. நீங்க இதை நம்பி எழுத, படிச்சவன் எண்ணெய் தடவி, உறை கிழிஞ்சு, அதுவும் தெரியாம வீட்டுக்குப் போவான்.

அப்படிக் கிழிஞ்சு போய் இதைப் படிக்கிறவங்க யாராவது இருந்தா கவனிங்க. கிழிஞ்சதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. எச்.ஐ.வி தொற்றாம இருக்க மாத்திரை இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமச் சாப்பிடணும். மறுநாளே ரத்தம் பார்த்து "நெகட்டிவ்"னு வந்தா நிம்மதியாகிடாதீங்க, கிருமி உடனே டெஸ்ட்ல தெரியாது. திரும்ப எப்போ பார்க்கணும்னு நம்பிக்கை மையத்துலயே சொல்வாங்க. போக பயமா இருந்தா 1097-க்குப் போன் போடுங்க, காசு கிடையாது, பேர் சொல்ல வேண்டாம்.

பார்மசி பாமா

இதையும் சேர்த்துக்கோங்க. உறை சரியாப் போட்டாலும் ஹெர்பிஸ் (கொப்புளப் புண் வர்ற நோய்), எச்.பி.வி, சிஃபிலிஸ் மூணும் உறை மூடாத தோல் வழியாவும் வரும். புண்ணு இருந்தா தள்ளி இருக்கணும். எச்.பி.விக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் தடுப்பூசி இருக்கு. பொண்ணு வெச்சிருக்கவங்க எச்.பி.வி ஊசியை டாக்டர்கிட்ட கேளுங்க.

மரச்செக்கு மணி

ஆக, உறை போட்டாலும் நோய் வரும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்போ கிழிஞ்சா என்ன, கிழியாட்டி என்ன? என் எண்ணெயை மட்டும் ஏன் குறி வெக்கறீங்க?

பார்மசி பாமா

அண்ணா, நான் அப்படியா சொன்னேன்? குடை பிடிச்சாலும் கால் நனையும்னு சொன்னா குடையைக் கிழிச்சுப் போட்டுடுவீங்களா?

குடும்பத்தலைவன் 72

பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பால்வினை நோய் ஊசியா? இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பார்மசி பாமா

அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்கப் போடறது சார்! தனி இழை தொடங்குங்க, அங்க வந்து பதில் சொல்றேன்.

நாமக்கல்காரன்

இழை திசை மாறுது. நான் கேட்டது ஒண்ணுதான். மணி அண்ணா, ஒரு பலூன் வாங்குங்க. அதுவும் லேடெக்ஸ்தான். நல்லா ஊதி முடிச்சுப் போடுங்க. உங்க செக்கு எண்ணெயைத் தடவி மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. வீடியோ எடுத்து இங்க போடுங்க. வெடிக்கலன்னா நான் இந்தத் தளத்தை விட்டே போறேன்.

மரச்செக்கு மணி

பலூன் வேற, உறை வேற.

நாமக்கல்காரன்

அப்போ உறையையே ஊதுங்க!

மரச்செக்கு மணி

நான் என் குடும்பத்தோட இருக்கிற வீடு தம்பி. இந்த மாதிரி அசிங்கமெல்லாம் நடு ஹால்ல பண்ண முடியாது. மினரல் ஆயிலுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டேன், இன்னும் பதில் வரல.

நாமக்கல்காரன்

பாமா அக்கா தன்னோட முதல் பதில்லயே சொல்லிட்டாங்க. மேலே போய்ப் படிங்க. பதிவை எப்போ நீக்கறீங்க?

மரச்செக்கு மணி

நீக்க மாட்டேன். இப்போ இன்னும் நாலு பேர் கேட்டு மெசேஜ் போட்டிருக்காங்க. ரெண்டாம் பாகம் நாளைக்கு வரும், நல்லெண்ணெய் பத்தி.

நாமக்கல்காரன்

போடுங்க. போட்ட அஞ்சாவது நிமிஷம் அதுக்குக் கீழே முதல் பதில் என்னோடதா இருக்கும்.