பீரோ என்னைத் திருப்பித் தள்ளுகிறது என்றால் அது எப்படி நகர்கிறது?

கேள்வி:
நியூட்டனின் மூன்றாம் விதியில் ரொம்ப நாளாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். பீரோவை நான் 300 நியூட்டன் விசையில் தள்ளினால் அதுவும் என்னை அதே 300 நியூட்டனில் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. கூட்டினால் பூஜ்யம். அப்புறம் எப்படி நகர்கிறது? நேற்று நிஜமாகவே ஒரு பீரோவைத் தள்ளினேன், முதலில் அசையவே இல்லை, பிறகு சட்டென்று நகர்ந்துவிட்டது.

பதில் 1:
அந்த இரண்டையும் கூட்டவே கூடாது. உங்கள் விசை பீரோவின் மேல், பீரோவின் விசை உங்கள் மேல். பீரோ நகருமா என்று தெரிய பீரோவை மட்டும் தனியாக வரைந்து, அதன் மேல் படும் விசைகளை மட்டும் போடுங்கள். கிடைமட்டத்தில் இரண்டுதான்: உங்கள் தள்ளல், தரையின் உராய்வு.

பதில் 2:
எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பீரோ 60 கிலோ, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (அசையாமல் நிற்கும்போது எடையில் எத்தனை பங்கு வரை உராய்வு இருக்கலாம் என்ற எண்) 0.5, இயக்க உராய்வுக் குணகம் (நகரும்போது உள்ள பங்கு) 0.4 என்று வைத்துக்கொள்வோம். எடை 588 நியூட்டன், ஆக 294 நியூட்டன் வரை தரை பிடித்து நிறுத்தும். உங்கள் 300 அதைத் தாண்டியதும் பிடி விடுபட்டு உராய்வு சுமார் 235 ஆகக் குறைகிறது, மிச்சம் 65 நியூட்டன், அதை 60 கிலோவால் வகுத்தால் முடுக்கம் ஒரு மீட்டர்/வி²-க்குச் சற்று மேல். நீங்கள் சொன்ன அந்த ‘சட்டென்று’ இதுதான்.

கேள்வி கேட்டவர்:
சரி, 200 நியூட்டனில் தள்ளினால்? 294 உராய்வு பீரோவைப் பின்னால் தள்ளாதா?

பதில் 2:
தள்ளாது. ஓய்வுநிலை உராய்வு நீங்கள் கொடுக்கும் அளவுக்குத்தான் ஈடுகொடுக்கும், 200 என்றால் 200, தள்ளாவிட்டால் பூஜ்யம். 294 என்பது உச்சவரம்பு. இந்த இரண்டு 200-ம் சமமாக எதிரெதிரே இருப்பதைப் பார்த்து மூன்றாம் விதி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இல்லை, இரண்டும் ஒரே பீரோவின் மேல்தான் இருக்கின்றன. முடுக்கம் இல்லாததால்தான் சமம்.

பதில் 3:
உங்களைத் திருப்பித் தள்ளும் அந்த 300 எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லையே. உங்கள் பாதத்துக்கும் தரைக்கும் உள்ள உராய்வு அதைத் தாங்குகிறது. வழவழப்பான தரையில் காலுறை போட்டுக்கொண்டு தள்ளிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று முதலில் காலுறையோடுதான் தள்ளினேன்! பீரோ அப்படியே நின்றது, நான்தான் பின்னால் வழுக்கிப் போனேன். கழற்றிவிட்டு வெறுங்காலை ஊன்றிய பிறகுதான் அது நகர்ந்தது.