கண்ணுக்குத் தெரியாத இடைவெளி: பிஎச்பி நிரல்மொழியில் யார் யார் மாட்டினீர்கள்?

கிளிநொச்சியிலிருந்து
கமக்காரர் அமைப்பொன்றின் சிறுபோகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகக் காணி பங்கிடுவார்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு தரம் விழுந்தால் கூட்டத்தில் சண்டைதான். விழுந்தது. முதலெழுத்து, புள்ளி, இடைவெளி, பெயர் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஓரத்து இடைவெளிகளை வெட்டுகிற ட்ரிம் போட்டும் பலனில்லை. பைட் பைட்டாக (கணினி எழுத்தைச் சேமிக்கிற சிறு எண்களாக) பிரித்துப் பார்த்தால், ஒன்றில் சாதாரண இடைவெளியான 32, மற்றதில் 194, 160. இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது வருகிற, வரி உடையாத இடைவெளி அது. ட்ரிம் நடுவில் இருப்பதைத் தொடாது, அதற்கு இதைத் தெரியவும் தெரியாது. வடிவத்தைத் தேடி மாற்றுகிற ப்ரெக்_ரீப்ளேஸில் பின்சாய்வு எஸ் (எந்த இடைவெளியும்), பிளஸ், கடைசியில் யூ (யூனிகோட் எழுத்தாகப் பார்க்கச் சொல்வது) போட்டு, எல்லாவற்றையும் ஒற்றை இடைவெளியாக மாற்றினேன். அந்த யூ இல்லாவிட்டால் அது அசையாது.

முல்லைத்தீவிலிருந்து
அண்ணை, அகலமே இல்லாத இடைவெளி இதைவிட மோசம். அதன் யூனிகோட் எண் 8203. யூ போட்டாலும் பின்சாய்வு எஸ் அதைப் பிடிக்காது, இடைவெளி என்ற வகையிலேயே அது இல்லை.

எனக்குக் கிடைத்த பழைய நிரலில் யாரோ அதை ட்ரிம்மின் இரண்டாவது இடத்தில், எதை வெட்ட வேண்டும் என்று சொல்கிற இடத்தில், கொடுத்திருந்தார்கள். எல்லாப் பெயரும் ஒழுங்காக வந்தது, ஜெயஸ்ரீ வந்தால் மட்டும் பக்கம் வெறுமை! ட்ரிம் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கும். 8203 பைட்டாக 226, 128, 139. நம்முடைய ‘ீ’ 224, 175, 128. கடைசி 128ஐ ட்ரிம் கடித்துவிட்டது. மிச்சம் செல்லாத யூடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டாக்கும் முறை), தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றுகிற ஜேசன்_என்கோட் பொய் (false) என்று திருப்பிவிட்டது. ‘ோ’ 139இல் முடிவதால் மனோவுக்கும் இதே கதி. ஸ்ட்ர்_ரீப்ளேஸ் மூன்று பைட்டையும் சேர்த்துத்தான் தேடும், அதனால் அதை வைத்து நீக்கினேன். எழுதுகிற நிரலெல்லாம் ஆங்கிலப் பெயரை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள் போல.

வவுனியாவிலிருந்து
அதற்காகக் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் வழித்துத் துடைக்காதீர்கள். எழுத்துகளை ஒட்டவிடாத 8204 என்ற குறி இருந்தால்தான் ‘க்’கும் ‘ஷ’வும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். அடையாள அட்டை இலக்கம் வேறு கதை: பழைய ஒன்பது இலக்கமும் வி எழுத்தும் என்றாலும், புதிய 12 இலக்கம் என்றாலும், உள்ளே ஒரு இடைவெளியும் தேவையில்லை, எல்லாவற்றையும் எடுங்கள். பெயரில் அப்படிச் செய்தால் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒட்டிவிடும்.

2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4இல் எம்பி_ட்ரிம் இருக்கிறது. பைட்டாக இல்லாமல் எழுத்தாகப் பார்க்கும், ஆனால் இரண்டு ஓரத்தையும் மட்டும்தான்.

கிளிநொச்சியிலிருந்து
சேர்வரில் இன்னும் பிஎச்பி 7.4 தான், தம்பி. ஸ்ட்ர்_ரீப்ளேஸோடு ஓட்டுகிறேன்.