புதுப்பிப்பு: சித்தியின் படங்கள் கிடைத்துவிட்டன

போனில் இடமில்லை என்று வேளச்சேரி சித்தி பழைய படங்களை அழித்தார், டேப்லெட்டிலும் அவை மறைந்துவிட்டன, மீட்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டன! "முதலில் படச் செயலியின் குப்பைத்தொட்டியைத் (trash) திறந்து பாருங்கள்" என்றவருக்கு எங்கள் குடும்பமே நன்றி சொல்கிறது. தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன.

இதற்குக் கெடு உண்டு. கூகுள் போட்டோஸில் மேகக்கணிக்கு (இணையச் சேமிப்பிடம், cloud) ஏறிய படம் அழித்தபின் 60 நாள் வரை தொட்டியில் இருக்கும். ஐகிளவுடில் 30 நாள்தான்.

"எல்லாம் சேமிப்பில் இருக்கிறது என்றுதானே நம்பினேன்?" என்று சித்தி வருந்தினார். உங்களில் பலரும் அதையே கேட்டீர்கள். சித்தி நம்பியிருந்தது ஒத்திசைவை (sync), காப்புப் பிரதியை (backup) அல்ல. ஒத்திசைவின் வேலை எல்லாச் சாதனங்களையும் ஒரே நிலையில் வைப்பது. ஓரிடத்தில் சேர்த்தால் எங்கும் சேரும், ஓரிடத்தில் அழித்தால் எங்கும் அழியும். காப்புப் பிரதி அப்படியல்ல. போனில் என்ன நடந்தாலும் அது அசையாமல் தனியே இருக்க வேண்டும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் கூகுள் போட்டோஸின் 'இடத்தைக் காலியாக்கு' வசதியைப் பயன்படுத்துங்கள். மேகக்கணியில் உள்ள பிரதியை அது தொடாது.

இப்போது எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்துவிட்டோம். ஒன்று சித்தி வீட்டில், மற்றொன்று அண்ணா நகரில் மாமாவிடம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரிக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

வாட்ஸ்அப் படங்கள் மட்டும் பாக்கி. கூகுள் போட்டோஸில் அந்தக் கோப்புறையைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் அவை மேகக்கணிக்கு ஏறும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதையும் முடிக்கப்போகிறோம்.