மறு: ராடிகலிசத்துக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். ராடிகலிசம் (radicalism), அதாவது ஆட்சியையும் சமூகத்தையும் வேரிலிருந்தே மாற்றக் கோரும் அரசியல்போக்கு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘தீவிரவாதம்’ புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. 1819 ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், செயின்ட் பீட்டர்ஸ் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் கூடினார்கள். அத்தனை பெரிய ஊருக்கு நாடாளுமன்றத்தில் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. குடியிருப்பே இல்லாத ஓல்டு சாரம் என்ற மேட்டுக்கோ இரண்டு உறுப்பினர்கள். நல்ல உடுப்பு உடுத்தி, பிள்ளைகுட்டிகளோடு வாக்குரிமை கேட்க வந்த கூட்டத்தில் குதிரைப்படை வாளை வீசியது. 18 பேர் வரை இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். பேச வந்த ஹென்றி ஹன்ட் சிறைக்குப் போனார். இவர்களைத்தான் அன்று ராடிகல்கள் என்றார்கள். ‘தீவிரவாதிகள்மீது படை பாய்ந்தது’ என்று நாம் எழுதிவைத்தால், படிக்கிற பிள்ளை யார் பக்கம் நிற்கும்?

அதே காலத்துப் பிரிட்டிஷ் சிந்தனையாளர்கள் ஜெரமி பெந்தாமும் ஜேம்ஸ் மில்லும் அவர்கள் வட்டமும் ‘தத்துவ ராடிகல்கள்’ எனப்பட்டார்கள். எழுத்தும் வாதமுமே அவர்கள் ஆயுதம். ‘தீவிரம்’ வேகத்தையும் சூட்டையும்தான் சொல்கிறது. இவர்கள் செய்தது வேறு: கோளாறு எங்கே தொடங்குகிறதோ அங்கே போய்க் கைவைப்பது.

> லத்தீனில் ரேடிக்ஸ் என்றால் வேர். ‘அடிப்படைவாதம்’ எனலாமே?

பொருள் நெருக்கம்தான். ஆனால் அந்தச் சொல், மதநூலை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்கிறவர்களுக்கு என்று ஆகிவிட்டது. அவர்களும் அடிக்குத்தான் போகிறார்கள், அதைக் காப்பதற்கு. ராடிகல்கள் போவது மாற்றுவதற்கு.

என் பரிந்துரை: வேர்மாற்றவாதம், வேர்மாற்றவாதி. வள்ளுவரின் ‘நோய்முதல் நாடி’ ஆசைகாட்டியது. ஆனால் ‘முதல்’ என்றதும் இன்று பணம்தான் நினைவுக்கு வரும். ராடிகலாக இருப்பது என்றால் விஷயத்தை வேரில் பிடிப்பது, மனிதனுக்கு வேர் மனிதனே என்று மார்க்ஸ் 1844இல் எழுதியதைத் தமிழில் கொண்டுவர, சொல்லுக்குள் ‘வேர்’ இருந்தே ஆகவேண்டும். வேரையே பிடுங்கி மாற்றுவதா என்று யாராவது கேட்கலாம். சரி, முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடலாம். 1901இல் தொடங்கிய பிரான்சின் ராடிகல் கட்சி போன்ற பெயர்களை மட்டும் அப்படியே விடுவோம். அந்தக் கட்சி பின்னாளில் நடுநிலைப் பக்கம் போய்விட்டது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 1880களில் சென்னையிலிருந்து வந்த ‘தத்துவ விவேசினி’ சார்லஸ் பிராட்லாவின் நாத்திக இயக்கத்தோடு தொடர்புள்ள இதழ். பிராட்லா, அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நார்தாம்ப்டன் தொகுதியின் ராடிகல் உறுப்பினர். இதழ்த் தொகுப்பு வைத்திருப்பவர்கள், அதில் இதற்கு ஏதாவது தமிழ்ச்சொல் ஆண்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்