"பத்து மணிக்குள்ள முடிச்சுடணும் மிஸ்"

கணக்கு டீச்சர்
எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. பத்தாம் வகுப்பு மாலைச் சிறப்பு வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆறரைக்கு விட்டதும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஒருத்தி மட்டும் போர்டைத் துடைப்பாள், ஜன்னலைச் சாத்துவாள், போகவே மாட்டாள். படிப்பில் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். திருப்புதல் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. ராத்திரி எவ்வளவு நேரம் படிக்கிறாய் என்று கேட்டேன். "பத்து மணிக்குள்ள முடிச்சுடணும் மிஸ்" என்றாள். பதினொன்று வரை உட்காரக்கூடாதா என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "கடை பத்து மணிக்கு மூடிடும் மிஸ்" என்றாள். எந்தக் கடை என்று கேட்க வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டேன். அப்பா வரும்போது விளக்கு எரியக்கூடாதாம்.

ஆச்சி வீட்டுப் பையன்
படித்ததும் என்னவோ செய்கிறது டீச்சர். ஆனால் இந்தப் பேச்சு எப்போதுமே குடிகார அப்பாவில் போய் முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. அப்பாவும் அம்மாவும் சவூதியில், நான் ஆச்சி வீட்டில். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். பிளஸ் டூ முடிவு வந்த அன்று 1200க்கு 1064. "பிசிக்ஸ்ல எங்க போச்சு?" அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். போனை வைத்துவிட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். வசதியான வீட்டுப் பையனுக்கு என்ன குறை என்று பள்ளியில் ஒருவர்கூட விசாரித்ததில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
தம்பி, உங்கள் ஏக்கம் புரிகிறது, ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அடிக்குப் பயந்து விளக்கை அணைக்கிற பிள்ளைக்கு அன்றிரவே ஆபத்து. ஒரு பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, வராந்தாவில் நாலு பேர் முன்னால் கண்டித்தேன். மறுநாள் பையன் கன்னம் வீங்கி வந்தான். அதோடு "அப்பாவை அழைத்து வா" என்பதையே விட்டுவிட்டேன்.

டீச்சர், அம்மாவைத் தனியாகப் பாருங்கள், அதுவும் மதிப்பெண் பற்றிப் பேசுவதுபோல. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எடுக்கவே வேண்டாம், பாதிப் பேர் அதே தெருக்காரர்களாக இருப்பார்கள். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. அடி, உதை என்றால் 1098. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், தனித் தாள் வீட்டில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பெண் இந்நேரம் பிளஸ் ஒன் போயிருப்பாள். புது வகுப்பாசிரியரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ஆனால் ஆசிரியர் அறையில் எல்லார் காதிலும் விழும்படி வேண்டாம்.

கணக்கு டீச்சர்
சொல்லிவிட்டேன் ஐயா. அம்மாவையும் அப்போதே பார்த்தேன். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். வீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஸ்பெஷல் கிளாஸ இன்னும் கொஞ்ச நேரம் வைக்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டார்.