ரத்தப் பரிசோதனையில் வேர்க்கடலை பாசிட்டிவ், சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை: அடுத்து என்ன?

மகனுக்கு 9 வயது. மூன்று வருடமாக மகரந்தக் காலம் வந்தாலே அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. ஆறு மாதமாகப் புதிதாக ஒன்று: ஆப்பிளைத் தோலோடு கடித்த ஐந்து நிமிடத்தில் உதடும் தொண்டையும் அரிக்கிறது. வேகவைத்துக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை.

போன மாதம் ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியில் பங்கு வகிக்கும் எதிர்ப்புரதம்) பார்த்தோம். பிர்ச் என்ற மரத்தின் மகரந்தம் 28, ஆப்பிள் 3.1, வேர்க்கடலை 1.4. அறிக்கையில் 0.35க்கு மேல் எல்லாமே பாசிட்டிவ். ஆப்பிள் புரிகிறது, மகரந்தப் புரதமும் அதன் புரதமும் ஒரே ஜாடை. வேர்க்கடலைதான் குழப்பம். வருடக்கணக்கில் வாரம் இரண்டு முறை சாப்பிட்டவன். தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு எதுவும் வந்ததில்லை. அறிக்கை வந்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். ஒத்துக்கொண்ட உணவை ரொம்ப நாள் நிறுத்தினால் பிறகு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று படித்ததிலிருந்து அதுவும் பயமாக இருக்கிறது.

தோல் குத்துச் சோதனைக்குப் போனோம், அலர்ஜி மாத்திரையான செட்டிரிசின் சாப்பிட்டிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடையில் வேறொரு ஆய்வகத்தில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதச் சோதனையும் செய்தேன், 40 உணவுகளுக்குச் சிவப்புக் குறி! அது சாப்பிட்டதைத்தான் காட்டும், அலர்ஜியை அல்ல என்று அப்புறம்தான் தெரிந்தது. பணம் போனதுதான் மிச்சம்.

அலர்ஜி மருத்துவரைப் பார்க்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இதே நிலையில் இருந்தவர்களுக்கு மருத்துவர் முதலில் வேர்க்கடலையில் உள்ள அரா ஹெச் 2 (நிஜ வேர்க்கடலை அலர்ஜியோடு தொடர்புள்ளது), அரா ஹெச் 8 (பிர்ச் மகரந்தப் புரதத்தின் ஜாடை) எனப் புரதம் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தாரா, இல்லை நேரடியாக மருத்துவமனையில் வைத்துச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தாரா?