லேப்டாப் படுத்துட்டு, கட்டுரை உள்ள மாட்டிக்கிட்டு: டிஸ்க்கைக் கடையில குடுக்காம எடுக்க வழி உண்டா?

பொதிகைத்தூறல் (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் படிக்கேன். முந்தாநாள் ராத்திரி இடியும் மின்னலுமா கெடந்துச்சுல்லா, அப்பம் சார்ஜர் மாட்டி டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. ஒரு தடவ வந்தப்போ ஸ்கிரீன் இருண்டதுதான், அப்புறம் வரவே இல்ல. பவர் பட்டனை அமுக்குனா லைட் எரியுது, ஃபேன் கொஞ்சம் சுத்தி நிக்குது, மறுபடி தானா சுத்துது. சார்ஜ் லைட்டும் எரியுது. திரையில கம்பெனி பேர்கூட வரல. விண்டோஸ் 11. வாரண்டி முடிஞ்சிட்டு.

உள்ள இருக்கது, சர்வதேச நீதிமன்றங்கள் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் எல்லாரையும் சேத்து) உரிமைய எப்படிக் காப்பாத்தியிருக்குன்னு ஒரு கட்டுரை. முக்கால்வாசி முடிஞ்சது, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். அதை விடப் பெரிய கவலை, அதுக்காக இங்க டவுண்லயும் தூத்துக்குடிப் பக்கமும் சில திருநங்கை அக்காமாரும் ஒரு திருநம்பி அண்ணனும் பேசின ஆடியோ அதே டிஸ்க்குல கெடக்கு. பேரு வெளிய வராதுன்னு வாக்கு குடுத்துத்தான் பேசச் சொன்னேன். அதுல சிலபேர் சங்கதி அவங்க வீட்டுக்கே தெரியாது.

வண்ணார்பேட்டையில ஒரு கடையில கேட்டா, "பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு நாள்ல சொல்லுதோம்"ங்காங்க. மனசு ஒப்பல. டிஸ்க்கை மட்டும் நானே கழட்டிப் படிக்க முடியுமா? அப்புறம், கட்டுரைய மறுபடி மொதல்ல இருந்து எழுத வேண்டி வந்தா, எந்தெந்த கேஸ் விட்டுப்போகக் கூடாது? இப்பம் கையில போன் மட்டுந்தான்.

சால்டரிங் அண்ணாச்சி

தாயி, பாஸ்வேர்டை எவனுக்கும் குடுக்காத. போர்டு வேலைக்கும் டிஸ்ப்ளே வேலைக்கும் உன் பாஸ்வேர்டு எதுக்கு? ஆன் ஆவுதான்னு பாக்கணும்னா அவன்கிட்ட இருக்க பென்டிரைவ்ல பூட் பண்ணிப் பாத்துக்கிடலாம். நானும் அந்தத் தொழில்ல இருந்தவன்தான். கடைக்காரன் எல்லாரும் கள்ளன் இல்ல, ஆனா கடையில நாலு பயலுவ வந்து உக்காருவானுவ, ஸ்கிரீனைப் பாப்பானுவ.

மொதல்ல ரெண்டு விசயம் பாத்துச் சொல்லு. ஒண்ணு, ஆன் பண்ணி கேப்ஸ் லாக்கை அமுக்கு. அந்தக் குட்டி லைட் மாறி மாறி எரிஞ்சா மிசின் உசுரோட இருக்கு, திரைதான் போச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது, ரூம் லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சைச் சாய்வா ஸ்கிரீன்ல அடி. மங்கலா எழுத்து தெரிஞ்சா பேக்லைட் கோளாறு. இதுல எதுவா இருந்தாலும் டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் மாட்டி வேலைய முடிச்சிக்கிடலாம்.

ரெண்டும் இல்லன்னா, சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனை முப்பது செகண்டு அமுக்கிப் பிடி. விட்டுட்டு சார்ஜர் மாட்டி ஆன் பண்ணு. இடி மழைக்கப்புறம் வந்த கேஸ் பாதி இதுலயே எந்திச்சிரும்.

மேலப்பாளையத்தான்

டிஸ்க்குல கை வைக்கதுக்கு முன்னாடி போன்ல ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் சேமிப்பு) ஆப்பைப் போட்டு, லேப்டாப்ல இருந்த அதே மெயில்ல உள்ள போய்ப் பாருங்க. விண்டோஸ் 11 நம்மளக் கேட்டும் கேக்காமலும் டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் மேல ஏத்தி வச்சிருக்கும். ஓசி இடம் 5 ஜிபிதான், ஆனா வேர்டு ஃபைலுக்கு அது தாராளம்.

பொதிகைத்தூறல்

அண்ணாச்சி, கேப்ஸ் லாக் மாறவே இல்ல. டார்ச்சுலயும் ஒண்ணும் தெரியல. முப்பது செகண்டு வைத்தியமும் பாத்தாச்சு, ஃபேன் அதே மாதிரிதான் சுத்திச் சுத்தி நிக்குது.

மேலப்பாளையம் அண்ணன் சொன்னது பாதி பலிச்சிட்டு. பழைய டிராஃப்ட் ஒண்ணு ஒன்டிரைவ்ல இருக்கு, முன்னுரையும் இந்தியப் பகுதியும் மட்டும். ஆடியோவ நான் சி டிரைவ்ல தனி ஃபோல்டர்ல வச்சேன், அது மேல ஏறல. உள்ளதச் சொன்னா ஏறாததே நிம்மதியாத்தான் இருக்கு.

சால்டரிங் அண்ணாச்சி

ஃபேன் விட்டு விட்டு ஓடுதுன்னா ரேம் சரியா உக்காரலன்னு இருக்கலாம், இல்லன்னா போர்டுல ஷார்ட்டு. அடிமூடியக் கழட்டு. சில மாடல்ல ரப்பர் காலுக்கு அடியில ரெண்டு ஸ்க்ரூ ஒளிஞ்சி கெடக்கும், அதை விட்டுட்டு நெம்புனா மூடி உடைஞ்சிரும். திறந்ததும் மொத வேல பேட்டரி கனெக்டரைப் பிடுங்கணும். ஜன்னல் கம்பியையோ பீரோவையோ ஒருக்க தொட்டுட்டுக் கைய உள்ள விடு.

ரேமை எடுத்து, தங்கக் கலர்ல இருக்க பல்லைப் பென்சில் அழிரப்பரால மெதுவாத் தேய்ச்சி, தூளை ஊதிட்டு மாட்டு. போர்டோட சால்டர் பண்ணுன ரேம்னா இந்தக் கத அங்கேயே முடிஞ்சி.

அதுலயும் எந்திக்கலன்னா எஸ்எஸ்டிய, அதான் அந்த டிஸ்க்கை, எடு. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும், ஒரே ஸ்க்ரூ. பல்லு பக்கம் வெட்டு ஒண்ணுதான் இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா. ஸ்டிக்கர்லயும் எழுதியிருக்கும், அதையும் பாரு. எதுன்னு தெரிஞ்சிக்கிட்டு அதுக்கு ஏத்த என்க்ளோசர் (டிஸ்க்கை உள்ள வச்சி யூஎஸ்பில மாட்டுற பெட்டி) வாங்கு. மாத்தி வாங்கிட்டு வந்து டிஸ்க்கு செத்துப்போச்சுன்னு அழுத ஆளுவள நான் பாத்திருக்கேன்.

மேலப்பாளையத்தான்

இன்னொண்ணு. விண்டோஸ் 11ல டிஸ்க்கு தானாவே பூட்டியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க்கு பூட்டு) ரெக்கவரி கீ கேக்கும், 48 இலக்கம். முதமுதல்ல லேப்டாப்பை எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் திறந்தீங்களோ, அந்தக் கணக்குல டிவைசஸ்னு ஒரு இடத்துல அது இருக்கும். நல்லதும் இதுலதான் இருக்கு. கீ இல்லாம கடைக்காரர் டிஸ்க்கைக் கழட்டி எங்க மாட்டுனாலும் ஒரு எழுத்து தெரியாது. நீங்க பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தாத்தான் கதவு திறக்கும்.

கோர்ட்டு வாசல் (கே.டி.சி. நகர்)

வன்பொருள் வேலையை அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். வழக்குகளுக்கு வருகிறேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்துகிறவன்.

தங்கச்சி, உங்கள் நிலைமைக்கே பொருத்தமான வழக்கில் தொடங்குங்கள்: டட்ஜன் எதிர் ஐக்கிய ராஜ்ஜியம். 1976 ஜனவரியில் பெல்ஃபாஸ்டில் அவர் வீட்டுக்குப் போதைப்பொருள் வாரண்டோடு போலீஸ் வந்தது. கடைசியில் அள்ளிக்கொண்டு போனது அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சுமார் நாலரை மணி நேரம் அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி விசாரித்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, 1977 பிப்ரவரியில், வழக்குத் தொடரப்போவதில்லை என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அதன்மேல் போலீஸ் எழுதிய குறிப்புகள் இருந்தன. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, தீர்ப்பின் சங்கதிப் பகுதியிலேயே இருக்கிறது. கடைக்காரரிடம் பாஸ்வேர்டு கொடுக்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 22.10.1981 அன்று 15க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருவர்மேலும் வழக்குப் போடாவிட்டாலும், வயது வந்த ஆண்கள் மனமொத்துத் தனிமையில் கூடுவதைக் குற்றமாக்கும் சட்டம் ஏட்டில் இருப்பதே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் ஷரத்து 8ஐ மீறுகிறது என்றது. அந்த ஷரத்து தனி வாழ்வு, குடும்பம், வீடு, கடிதப் போக்குவரத்து நான்கையும் காக்கிறது. மறு ஆண்டே வட அயர்லாந்தில் சட்டத்தை மாற்றினார்கள். பிறகு இதே வழியில் 1988இல் அயர்லாந்துக்கு எதிராக நாரிஸ், 1993இல் சைப்ரஸுக்கு எதிராக மோடினோஸ்.

உங்கள் தலைப்பில் ஒரு சிக்கல். 'சர்வதேச நீதிமன்றம்' என்றதும் பலர் ஹேக் நகரத்தை எழுதிவிடுகிறார்கள். அங்குள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் நாடும் நாடும்தான் வழக்காட முடியும், தனி மனிதர் போக முடியாது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளியை விசாரிக்கும் இடம். இந்த உரிமைகளை உண்மையில் வளர்த்தவை ஸ்ட்ராஸ்பர்கும், கோஸ்டா ரிகாவின் சான் ஹொசேயில் இருக்கும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றமும். லக்சம்பர்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஸ்ட்ராஸ்பர்கையும் அதையும் குழப்பினால் மதிப்பெண் போய்விடும்.

குறுக்குத்துறை

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம். நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? லேப்டாப் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா போதாதா?

கோர்ட்டு வாசல் (கே.டி.சி. நகர்)

சம்பந்தம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறது, ஐயா. தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் 2018 அக்டோபரில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். 22.04.2019 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணப்பெண்ணில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். அருண்குமார் வழக்கு. இடைப்பால் குழந்தைகளுக்குப் பாலைத் திருத்தும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று அரசாணை போடச் சொன்னதும் அதே தீர்ப்பில்தான். அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு ஆணை போட்டது.

அது நின்ற அடித்தளம் 2014இன் நால்சா தீர்ப்பு, திருநர் தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமையை ஏற்றது. நால்சாவில் உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசிய வழக்குகளில் ஒன்று கிறிஸ்டின் குட்வின் எதிர் ஐக்கிய ராஜ்ஜியம், ஸ்ட்ராஸ்பர்க், 2002. திருநங்கை ஒருவரின் பாலினத்தைச் சட்டப்படி ஏற்க மறுப்பது உரிமை மீறல் என்ற தீர்ப்பு. ஆக, ஸ்ட்ராஸ்பர்கில் கிளம்பியது டெல்லி வழியாகத் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறது.

பொதிகைத்தூறல்

ரொம்ப நன்றி அண்ணே. டட்ஜன் கேஸை வெறும் தேதியாத்தான் எழுதி வச்சிருந்தேன், அந்தத் தாள் சங்கதி தெரியாது.

லேப்டாப் நிலவரம்: சித்தி மகன் உக்காந்து மூடியக் கழட்டிக் குடுத்தான். ரேமைத் தேய்ச்சி மாட்டியும் எந்திக்கல. எஸ்எஸ்டில ஒரு வெட்டு, ஸ்டிக்கர்லயும் என்விஎம்இன்னுதான் போட்டிருக்கு. ஜங்ஷன் பக்கம் ஆயிரம் சில்லறைக்கு ஒரு என்க்ளோசர் வாங்கி அவன் லேப்டாப்ல மாட்டுனேன். சொன்ன மாதிரியே 48 இலக்கம் கேக்குது. என் மெயில்ல போய்ப் பாத்தா கீயே இல்ல!

மேலப்பாளையத்தான்

புதுசா வாங்குனப்போ செட் பண்ணிக் குடுத்தது யாரு? அவங்க மெயில்ல பாருங்க. காலேஜ் மெயிலை லேப்டாப்ல சேத்திருந்தா அந்தக் கணக்குலயும் இருக்கலாம். கேக்குற பெட்டியில கீ ஐடின்னு எட்டு எழுத்து தெரியும், அது ஒத்துப்போற கீயைத்தான் போடணும்.

எதுக்கும், 'ஃபார்மேட் பண்ணணுமா'ன்னு கேட்டா கேன்சல் குடுங்க. தப்பித் தவறி ஓகே அமுக்கிராதீங்க.

கோர்ட்டு வாசல் (கே.டி.சி. நகர்)

கீ தேடுகிற நேரத்தில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சான் ஹொசே: அடாலா ரிஃபோ எதிர் சிலி, 24.02.2012. தாய் ஒரு நீதிபதி. அவர் ஒரு பெண்ணோடு வாழ்ந்தார் என்பதற்காக மூன்று பெண் பிள்ளைகளையும் சிலியின் உச்ச நீதிமன்றம் தகப்பனிடம் கொடுத்தது. ஊர் என்ன பேசும், பிள்ளைகள் என்ன ஆகும் என்ற ஊகத்தை வைத்துத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க முடியாது என்றது அமெரிக்க நாடுகளிடை நீதிமன்றம். பாலீர்ப்பு பற்றி அது சொன்ன முதல் தீர்ப்பு. அடுத்து 2017 நவம்பரில் ஆலோசனைக் கருத்து 24: தன்பாலின இணையருக்கும் திருமண உரிமை தர வேண்டும் என்றது. கேட்டது கோஸ்டா ரிகா. அங்கே 26.05.2020 முதல் தன்பாலினத் திருமணம் செல்லும். 2021இன் விக்கி எர்னாண்டஸ் எதிர் ஹோண்டுராஸையும் விடாதீர்கள். 2009 ஆட்சிக்கவிழ்ப்பு ஊரடங்கில் கொல்லப்பட்ட திருநங்கை. அரசே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

லக்சம்பர்கில் கோமன் வழக்கு, 05.06.2018. ருமேனியா தன் நாட்டில் தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்க வேண்டியதில்லை, ஆனால் வேறொரு உறுப்பு நாட்டில் முறைப்படி மணந்து வாழ்ந்த துணைவருக்குக் குடியிருப்பு உரிமையை மறுக்க முடியாது என்றது.

நீதிமன்றம் அல்லாத இரண்டைத் தனித் தலைப்பில் போடுங்கள். டூனன் எதிர் ஆஸ்திரேலியா, 1994: தன்பாலின உறவைக் குற்றமாக்கிய டாஸ்மேனிய மாநிலச் சட்டத்துக்கு எதிராக ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 1997இல் டாஸ்மேனியா அதை நீக்கியது. மற்றது நமக்குப் பக்கத்து வீடு: இலங்கையின் ஃபிளேமர்-கால்டெரா, 2022. தண்டனைச் சட்டக்கோவை 365ஏ பெண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்குவது உடன்படிக்கையை மீறுகிறது என்றது பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு.

இந்தியாவிலிருந்து ஒருவர் இப்படி ஐ.நா. குழுக்களிடம் போக முடியாது. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் நாம் 1979இல் சேர்ந்தோம், ஆனால் தனிமனிதர் முறையிட வழி தரும் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. ஆசியாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி ஒரு மன்றமும் இல்லை. அதனால் வெளித் தீர்ப்புகள் இங்கே மேற்கோளாகத்தான் நுழைகின்றன. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377 பற்றிய மூன்று தீர்ப்புகளைப் பாருங்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் நாஸ் (2009) டட்ஜனை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தின் கௌஷல் (2013) வெளிநாட்டுத் தீர்ப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த முடியாது என்று தள்ளியது. அதே நீதிமன்றத்தின் நவ்தேஜ் (06.09.2018) அவற்றை மறுபடி துணைக்கு எடுத்துக்கொண்டது. உங்கள் கட்டுரையின் முதுகெலும்பாக இதை வைத்தால் நன்றாக வரும் என்பது என் எண்ணம். ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் ஹூடாக் தளத்திலும், நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆரிலும் காசில்லாமல் கிடைக்கும். போனிலேயே படிக்கலாம்.

பொதிகைத்தூறல்

கீ கெடைச்சிட்டு! வாங்குனப்போ எங்க அண்ணன் அவன் மெயிலைப் போட்டுத் திறந்திருக்கான். டிஸ்க்கு திறந்துட்டு. கட்டுரையும் இருக்கு, ஆடியோவும் இருக்கு. ஆடியோவ வேற பென்டிரைவ்ல பூட்டு போட்டு மாத்திட்டேன்.

எஸ்எஸ்டி இல்லாத லேப்டாப்பைக் கடையில குடுத்திருக்கேன். போர்டுல ஷார்ட்டுன்னு சொல்லுதாங்க. ஐயாயிரம் ஆகுமாம், பாப்போம்.

கோர்ட்டு வாசல் அண்ணே, கடைசியா ஒண்ணு. ஃபெடோடோவா எதிர் ரஷ்யாவச் சேக்கவா? அவங்கதான் வெளிய போயிட்டாங்களே.

கோர்ட்டு வாசல் (கே.டி.சி. நகர்)

கட்டாயம் சேருங்கள். ரஷ்யா 16.09.2022 அன்று ஐரோப்பிய உடன்படிக்கையிலிருந்து வெளியே போனது. ஸ்ட்ராஸ்பர்க் பெருமன்றத்தின் (அந்த நீதிமன்றத்தின் பெரிய அமர்வு) தீர்ப்பு 17.01.2023. சம்பவங்கள் முந்தையவை என்பதால் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. தன்பாலின இணையருக்கு ஏதோ ஒரு சட்ட அங்கீகாரம் தர வேண்டியது அரசின் கடமை என்றது. 2015இல் இத்தாலிக்கு எதிரான ஒலியாரி வழக்கிலும் இதையேதான் சொன்னார்கள், இத்தாலி மறு வருடமே சட்டம் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

சால்டரிங் அண்ணாச்சி

போர்டையே மாத்துனாலும், திருப்பி எஸ்எஸ்டி போட்டதும் அந்த 48 இலக்கத்தை மறுபடி கேக்கும், பயந்திராத. கீயைத் தாள்ல எழுதி வச்சிக்க. மாத்துனா பழைய போர்டையும் கேட்டு வாங்கு, பேட்டரி உப்பியிருக்கான்னும் ஒருக்க பாக்கச் சொல்லு.